சர்வர் அறையில் விழுந்த இரண்டாவது அடி

எனக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மைனர் என்பதால் என் பெயரும் முகவரியும் தனித்தாளில் பதியப்பட்டுள்ளன. அம்மா உடனிருக்க, காவல் ஆய்வாளர் கேட்க, இதைச் சொல்கிறேன்.

என் அப்பா ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறார். அங்குள்ள கணினிகளையும் நோயாளிகளின் விவரங்களையும் திருட்டுப் போகாமல் காப்பது அம்மாவின் தம்பியான என் மாமாவின் வேலை. அந்த வேலையை வெளிக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்க அப்பா நினைத்தார். இதனால் வீட்டில் வாக்குவாதம் நடந்தது.

"நீ தூங்கினா நம்ம காவலும் தூங்குது மாப்ளே. அவங்க ஷிப்ட் போட்டுப் பாப்பாங்க," என்றார் அப்பா.

"வீட்டு நாயை விரட்டிட்டு வாடகைக்கு நாய் பிடிக்கிறீங்களா அத்தான்? பிடிங்க, பிடிங்க. அது உங்களைப் பாத்தே குரைக்கும்," என்றார் மாமா. அம்மா மட்டும் சிரித்தார்.

அதன் பிறகு அந்தக் கம்பெனி ஒரு சோதனை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறது. அவர்களுடைய ஆள் ஒருவர் திருடனைப் போல உள்ளே நுழைந்து பார்ப்பார். காவலில் இருப்பவரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அப்பா சம்மதித்தார். மாமாவிடம் சொல்லவில்லை. எனக்கும் இது பிறகுதான் தெரியும்.

சம்பவத்தன்று பள்ளி விட்டதும் வழக்கம்போலப் பரிசோதனைக் கூடத்தில் மாமாவின் அறையில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கண்ணாடி வழியே சர்வர் அறை தெரியும். ஏசி மெக்கானிக் உடையில் வந்த ஒருவர், ஏசியை ஏறிட்டும் பார்க்காமல், சர்வரில் சிறிய கருவி ஒன்றைச் செருகினார். உடனே மாமா சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைக் கழற்றிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

"யாருடா நீ?" என்று கேட்டபடியே மாமா அடித்தார். வந்தவர் கையால் தடுத்தார். மர ஸ்கேல் ஒடிவது போலச் சத்தம் கேட்டது. அதன் பிறகு வந்தவர் அலமாரியில் சாய்ந்துகொண்டு, "அடிக்காதீங்க சார், உங்க முதலாளிதான் அனுப்பினாரு. இது டெஸ்ட்," என்றார்.

மாமா உருளையைக் கீழே இறக்கினார். "அத்தானா? என்னை டெஸ்ட் பண்ணவா?" என்றார். வந்தவர் தலையாட்டினார். அதன் பிறகு மாமா உருளையை இரண்டு கைகளாலும் தூக்கி அவர் முகத்தில் அடித்தார். அவர் விழுந்த பிறகும் அடித்தார். ஒரு பல் என் ஷூவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் கத்தினேன். மாமா திரும்பி, "நீ போய்ப் படி கண்ணு," என்றார்.

அந்த அறையின் கேமராவில் குரல் பதிவாகாது. வந்தவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. அவர் சொன்னதைக் கேட்டவர்கள் மாமாவும் நானும் மட்டுமே.

இங்கே வரும் வழியில் அம்மா என்னிடம், "வந்தவன் ஒண்ணுமே பேசலைன்னு சொல்லிடு. திருடன்னு நெனச்சு அடிச்சதா போயிடும். உன் மாமாடி," என்றார். முதல் அடி மட்டுமே வந்தவர் பேசுவதற்கு முன் விழுந்தது. மற்ற அடிகள் எல்லாம் பேசிய பிறகு விழுந்தவை.

எழுதியதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். நான் கண்டதும் கேட்டதும் இவையே. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

சாட்சியின் கையொப்பம்: இடப்பட்டது.
உடனிருந்த தாயாரின் கையொப்பம்: இட மறுத்து எழுந்து சென்றுவிட்டார்.