வீரை மரத்தடியில் பேசாமல் நின்றோம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அப்துல் மஜீது அண்ணாச்சி அவர்களே, மேடையிலும் எதிரிலும் கலங்கி அமர்ந்திருக்கும் தென்காசி, வடகரைப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் டீச்சரின் மகள் ஜுஹைனாவே! சுந்தரபாண்டியனின் கண்ணீர் வணக்கம்.

பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவன் நான். வெட்கத்தை விட்டுச் சொல்லுதேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் விலங்கியல் ஆசிரியை ஷரீபுன்னிசா அவர்கள் யார்? குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். அவர் ஈரமணலைப் பார்ப்பார்! அங்கே கூட்டமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சும் வெள்ளையன் பட்டாம்பூச்சிகளைப் பார்ப்பார். "அம்புட்டும் ஆம்பளை, அண்ணாச்சி. பொம்பளையெல்லாம் வீரை மரத்துக்கு முட்டையிடப் போயிருக்கும்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். வீரையின் தளிரில்தான் முட்டை. இலை முற்றினால் புழுவுக்குக் கடிபடாது. அதனால்தான் தளிர் விடும் காலத்தில் ஞாயிறுதோறும் போய் முட்டைகளை எண்ணினார். ஒன்பது ஆண்டுகள்! மழைக்கு விட்டாரா? காய்ச்சலுக்கு விட்டாரா?

அந்த மரங்கள் வடகரைக்கு மேற்கே, யானை இறங்குகிற அடிவாரத்தில் நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அங்கே தகரத்தைத் தட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். டீச்சரோ, "பேசாதிய, எண்ணிக்கை தப்பிரும்" என்பார். நாங்களும் மூச்சு விடாமல் நிற்போம். யானைக்கு நாங்கள் இருப்பது எப்படித் தெரியும்? சத்தம் கொடுக்கத்தான், காவல் பார்க்கத்தான் முதலில் என்னைக் கூட்டிப் போனார். நாளாக ஆக, காவலை விட்டுவிட்டு நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன்!

சென்ற ஞாயிறு காலை ஏழரை மணி. அவர் ஒரு மரத்தில், நான் எதிர் மரத்தில். நூற்றுப் பன்னிரண்டு என்று நோட்டில் எழுதினார். கிளை முறிகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். யானை அவர் பக்கத்தில் வந்துவிட்டது. ஐயோ, அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. என்னை மன்னித்துவிடு ஜுஹைனா!

நேற்று அந்த நோட்டை இவள் என் கையில் கொடுத்தாள். "மாமா, வார ஞாயித்துக்கிழமையும் எண்ணணும்லா? தளிர் முத்திரும். நானும் வாரேன்" என்றாள். அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த இடத்தைப் பார்க்கப் பயம். இந்தப் பிள்ளையை அங்கே கூட்டிப் போக அதைவிடப் பயம். போகாமல் இருந்தாலோ, ஒன்பது ஆண்டு உழைப்பு நோட்டின் அந்தப் பக்கத்தோடு நின்றுபோகுமே!

ஆகவே இந்த அவையில் உறுதி சொல்லுகிறேன். போவோம். வனக்காவலர் துணையோடு போவோம். எண்ணிக்கை தப்பினால் தப்பட்டும், திரும்ப எண்ணுவோம். ஜுஹைனா, நீ வா. வாயை மூடிக்கிட்டு மட்டும் வராதம்மா. உங்க அம்மாவைப் பத்திச் சத்தமாப் பேசிக்கிட்டே வா.