கோப்பை காலியாகும்வரை

மேடையில் அமர்ந்திருந்த முதியோர் இல்ல மேலாளர் ஹால்வார் அவர்களே, ஊராட்சி உறுப்பினர்களே, எதிரே கறுப்பு உடையில் அமர்ந்திருந்த சக ஊழியர்களே,

நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். நேற்று ஊர் மண்டபத்தில் குன்வோருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் நானும் பேச எழப் பார்த்தேன். மேடைக்குப் போகும் வழியில் ஹால்வார் என் தோளை அழுத்தினார்.

"வேணாம்ப்பா. ஜனங்க ஏற்கெனவே சோர்ந்து கெடக்காங்க. நீ வேற ஆரம்பிக்காதே."

உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் சோர்வுதான். பேசாமல் போன அந்த உரை இது.

குன்வோர் யார்? நம் தீவின் முதியோர் இல்லத்தில் இரவுச் செவிலி. "எப்போதும் சிரித்த முகம், ஒரு நாளும் குறை சொல்லாதவர்" என்றார் ஹால்வார். குறை சொல்லாதவரா? அவரோடு காலைக் காப்பி குடித்தவர்கள் சொல்லுங்கள்.

இரவு வேலை முடிந்து அவர் ஓய்வறைக்கு வரும்போதுதான் பகல் ஆட்களான நாங்கள் உள்ளே நுழைவோம். அங்கே அவர் வைத்த விதி இதுதான். கோப்பை காலியாகும்வரை யாரும் எதையும் திட்டலாம். இருட்டை, படகுச் சேவையை, ஹால்வாரை. கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கும்போது, இன்று நம்மால் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

"ஒண்ணுமே இல்லையே" என்பேன் நான்.

"அப்போ நீங்க இன்னும் குடிச்சு முடிக்கல. ஊத்தட்டுமா?"

அந்த விதியின் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, "இங்கே புலம்பல் இல்லை" என்று எழுதி, கீழே குன்வோரின் பெயரையும் போட்டு ஓய்வறைச் சுவரில் மாட்டியது யார்? ஹால்வார்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "என் பேரைப் போட்டு என் வாயையே மூடிட்டாரே மனுஷன்."

ஒவ்வொரு ஜனவரியிலும், சூரியனே எழாத நெடிய குளிர்கால இருட்டுக்குப் பிறகு சூரியன் மலைமேல் தலைகாட்டும் நாளில், குன்வோர் தூங்கப் போகமாட்டார். மஞ்சள் கிரீம் வைத்த பன் சுட்டு, முதியவர்களைத் தெற்கு ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு வருவார். இந்த ஜனவரியில் ஒரே மேகம்.

"எங்கேம்மா சூரியன்?" என்றார் பழைய மீனவர் பேடர்.

"வந்தாச்சு பெரியவரே. மேகத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது."

"பன் நல்லாருக்கு. சூரியன்தான் இந்த வருஷம் மட்டம்."

"திட்டுங்க. காப்பி இருக்கிற வரைக்கும் திட்டுங்க."

காப்பி முடிந்தது. பேடரின் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் குன்வோர் நேரே ஹால்வாரின் அறைக்குப் போனார். இரவில் இரண்டு செவிலியர் எதற்கு, ஒருவர் போதும் என்று அப்போது ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது.

"ராத்திரி ரெண்டு பேர் ஒரே நேரத்துல விழுந்தா நான் யாரைத் தூக்கட்டும்? எல்லாம் நல்லபடியா நடக்கும்னு நெனச்சுக்கிட்டு நிக்கட்டுமா?"

யோசனை அன்று கிடப்பில் போனது. அவருடைய நம்பிக்கை இப்படித்தான் இருந்தது. சூரியன் வந்துவிட்டது என்று சொல்லும். சொல்லிவிட்டுச் சும்மா உட்காராது.

நேற்று ஹால்வார் என்ன சொன்னார்? குன்வோரின் பணியிடத்துக்கு இனி ஆள் எடுக்கப்போவதில்லையாம்; இரவுக்கு ஒரே செவிலிதானாம். "இதிலும் ஒரு நல்லதை அவர் பார்த்திருப்பார்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். அவர் எதிர்த்து நின்ற ஒன்றை அவர் பெயராலேயே, அவர் படத்துக்கு முன்னாலேயே நிறைவேற்றுவதா அஞ்சலி?

அடுத்த ஜனவரியில் பன்னை நான் சுடுகிறேன். கருகத்தான் செய்யும். பேடர் திட்டட்டும்.

ஆனால் அதற்கு முன்னால், வியாழக்கிழமை ஊராட்சியில் அந்தப் பணியிடம் பற்றி வாக்கெடுப்பு. என் கோப்பை காலியாகிவிட்டது. இன்று என்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்தத் தாளைப் படகுத்துறைக் காத்திருப்பு அறையின் பலகையில் குத்திவைக்கப் போகிறேன். அடியில் பெயர் இருந்தால் என் பழைய சண்டைகளைப் பேசியே படகு ஏறிவிடுவீர்கள். பெயர் இல்லாவிட்டால், இரவில் விழுகிறவரை யார் தூக்குவது என்று ஒருவராவது கேட்பார். அதனால் கையெழுத்துப் போடவில்லை.