நாப்பதாவது சுத்து

யாருடா அங்க வேர்க்கடலை உடைக்கிறது? வெளிய போடு. ரேஸ் ஷெட்டுக்குள்ள கடலைத் தோலு விழுந்தா வண்டி விளங்காதுன்னு எத்தன தடவ சொல்றது... மழை இப்போதைக்கு விடாது. வண்டியெல்லாம் மூடியாச்சு. கிட்ட வந்து உக்காருங்க. அந்தக் கதவச் சாத்து.

இது டென்னியோட தாய்மாமனுக்கு நடந்தது. என்கூட டயர் மாத்துற டென்னிதான். அவன் பொய் சொல்ல மாட்டான், அதுக்குக் கொஞ்சம் மூளை வேணும்.

சாயங்காலம் ஆறு பத்து. அக்டோபர், சனிக்கிழமை. எழுபத்தெட்டாம் வருஷம். பழைய மில்லு ரோடு... ரெண்டு பக்கமும் பைன் மரம். ஒரு வீடு கெடையாது, ஒரு விளக்கு கெடையாது. டெல்பர்ட், அதான் அந்த மாமன், தன்னோட பிக்கப் வண்டிய ஓட்டிட்டு ரேஸுக்குப் போறான். நாற்காலி ஃபேக்டரில ஷிஃப்டு முடிச்சு நேரா வர்றான். கைல வார்னிஷ் வாடை கூடப் போகல.

அவன் ஆளு குள்ளம். ஆனா ஸ்டீரிங்கப் பிடிச்சான்னா கண்ணு பட்டுரும், அப்படி ஓட்டுவான். என்ன பிரயோஜனம்? பேரு பூரா ராய்ஸ் காடிலுக்கு.

ராய்ஸு ஆறடிக்கு மேல. சிரிச்சான்னா கூட்டம் எந்திரிச்சு நிக்கும். ஆனா ஒரு விபத்துல முதுகெலும்பு போச்சு. நாப்பது சுத்துக்கு மேல அவனால உக்கார முடியாது. ரேஸோ இருநூறு சுத்து. ரேஸ் காருக்குச் சொந்தக்காரன் ஹோமர் என்ன செஞ்சான்... ராய்ஸு கிளப்புவான், நாப்பதாவது சுத்துல உள்ள வருவான், எறங்குவான். டெல்பர்ட் ஏறி பெல்ட்டப் போடுவான். ராய்ஸு கூரை மேல உள்ளங்கையால தட்டுவான். டப்... டப்... டப். மூணு தட்டு. போடான்னு அர்த்தம். மிச்சம் நூத்தி அறுபது சுத்தும் டெல்பர்ட்தான்.

ரூலு என்ன? உங்களுக்கே தெரியும். யாரு வண்டியக் கிளப்புனானோ, ஜெயிப்பு அவன் பேர்ல. ஏறி ஓட்டுனவனுக்கு ஒரு வரி கெடையாது.

அப்படிப் பதினோரு ரேஸு. பதினோரு கோப்பை. பதினோரு தடவயும் ராய்ஸுதான் மேடையேறினான். டெல்பர்ட் கீழ வேர்வையத் தொடச்சுக்கிட்டு நிப்பான். ராய்ஸு எறங்கி வந்து, ஈரல் அரைச்சு வச்ச தன் லிவர்மஷ் சாண்ட்விச்சுல பாதியப் பிச்சுக் குடுத்து, "மாடு நல்லா மேச்சடா தம்பி. பாலுதான் எனக்கு"ன்னு சிரிப்பான். கூட இருக்கவனுங்களும் சிரிப்பானுங்க. டெல்பர்ட்டும் சிரிச்சுத்தான் ஆகணும். உள்ள வயிறு எரியும்.

எனக்கு அது தெரியும்பா. இருவத்திரெண்டு வருஷமா நான் டயர் மாத்துறேன். ஒரு நாள் எவனாவது என் மூஞ்சிக்கு மைக்க நீட்டிருக்கானா? பொறாமை பசி மாதிரி இல்ல. பசி சாப்ட்டாப் போயிரும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். கால்வின் ஓடை வளைவு. டெல்பர்ட் திரும்புறான்... விளக்கு வெளிச்சத்துல வேலி ஒடஞ்சு கெடக்கு. கீழ ஓடைல ஒரு நீல பிக்கப்பு. ராய்ஸோடது. ஒருக்களிச்சுக் கெடக்கு. ஒரு சக்கரம் இன்னும் சுத்துது. கிர்ர்... கிர்ர்... தண்ணி ஜன்னல் மட்டம்.

டெல்பர்ட் பிரேக்கப் போட்டான். கண்ணாடிய எறக்குனான். சத்தம் கேட்டுச்சு.

டப்... டப்... டப்.

உள்ள இருந்து கதவத் தட்டுறான். உயிரோட இருக்கான்.

கயிறு டெல்பர்ட்டோட வண்டிலயே கெடக்கு. எறங்கி நாலு எட்டு வச்சா போதும். அவன் எறங்கல. வாட்ச்சப் பாத்தான். ஏழுக்குப் பேரு குடுக்கணும். பின்னால யாராவது வருவாங்க... அப்படின்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டானாம். கண்ணாடிய ஏத்துனான். கியரப் போட்டான். போயிட்டான்.

அங்க ஹோமர் தலைல கைய வச்சுக்கிட்டு நிக்கிறான். "ராய்ஸு எங்கடா?"

"தெரியாதுண்ணே. வழில பாக்கல."

"போச்சுடா. அப்ப நீயே கிளப்பு. வேற வழி?"

வேற வழி... இந்த வார்த்தைக்குத்தான் அவன் ஆறு வருஷம் காத்திருந்தான். தாள்ல பேரு எழுதுனாங்க, டெல்பர்ட் ஸ்டார்ன்ஸ். ஒலிபெருக்கில படிச்சாங்க. ஹெல்மெட்டுக்குள்ள அழுதுட்டானாம். சந்தோஷத்துல. ஓடைல ஒருத்தன் கெடக்குறது அப்ப நெனப்புல இருந்துச்சான்னு டென்னி கேட்டிருக்கான். மாமன் இன்னொரு கிளாஸு ஊத்திக்கிட்டானாம்.

எட்டு மணி. பச்சக் கொடி. டெல்பர்ட் பறந்தான். பத்து சுத்து, இருவது, முப்பது... முன்னால ஒருத்தன் இல்ல.

நாப்பதாவது சுத்து.

மொதல்ல வாடை. ராய்ஸு வாயில எப்பவும் ஒரு பொகையில அடக்கியிருப்பான், தலைவலித் தைலம் மாதிரி வாடை அடிக்கும். அந்த வாடை, ஹெல்மெட்டுக்குள்ள. அப்புறம் பூட்ஸுல ஈரம். ரேடியேட்டர் போச்சுன்னு நெனச்சான். ஆனா ரேடியேட்டர் தண்ணி கொதிக்கணும்ல? இது ஐஸு மாதிரி இருந்துச்சு. ஓடைச் சேறு நாத்தம்... அப்புறம் கூரை மேல.

டப்... டப்... டப்.

வண்டி நூறு மைல் வேகத்துல போயிட்டிருக்கு.

அவன் விடல. பல்லக் கடிச்சு இருநூறையும் ஓட்டுனான். மொதலா வந்தான். மேடைக்குப் பக்கத்துல நிறுத்தி, ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சு, ரெண்டு கையையும் தூக்குறான்... ஒலிபெருக்கி கத்துது. "ஜெயிச்சது, பன்னெண்டாவது தடவயா... ராய்ஸ் காடில்!"

கூட்டம் எந்திரிச்சு நிக்குது.

ஹோமர் ஓடி வந்து கட்டிப் பிடிச்சான். "கலக்கிட்டீங்கடா ரெண்டு பேரும்! அவன் எங்க? எறங்குனதும் ஆளக் காணோம்."

"எவன்? நான்தானே கிளப்புனேன்!"

ஹோமர் ஒரு மாதிரி பாத்தான். "சூடு கீடு தலைக்கு ஏறிருச்சா? கொடி விழுறதுக்கு முன்னாடி அவன் வந்துட்டானே. சொட்டச் சொட்ட நனஞ்சு. ஒரு வார்த்த பேசல. நீ ஒதுங்கிக்கிட்ட, அவன் ஏறிக்கிட்டான். நாப்பதுல உள்ள வந்து எறங்குனான். நீ ஏறுன. கூரையத் தட்டுனான். எப்பவும் போலதானடா?"

டயர்க்காரனும் தலையாட்டுறான், பெட்ரோல் ஊத்துறவனும் தலையாட்டுறான். டெல்பர்ட் சுத்து எண்ணுற பொம்பளகிட்ட ஓடுனான். அது அட்டையக் காட்டுச்சு. ஒண்ணுல இருந்து நாப்பது வரைக்கும் ராய்ஸு. அதுக்கப்புறம்தான் இவன். பேர்த் தாள்ல டெல்பர்ட் ஸ்டார்ன்ஸுன்னு எழுதினத அடிச்சிருக்கு. பக்கத்துல ராய்ஸோட கையெழுத்து. மை கலங்கி, தாள் ஈரமா...

ஒம்பதரைக்கு போலீஸ் வந்துச்சு. ஓடைல வண்டியக் கண்டுபிடிச்சிருக்காங்க. ராய்ஸு உள்ளயே இருந்தான். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. கைல இருந்த வாட்ச்சு ஆறு இருவத்தஞ்சுல நின்னிருந்துச்சு. டெல்பர்ட் கண்ணாடிய ஏத்தி, அதுக்கப்புறம் முழுசா கால் மணி நேரம்.

யாரும் யாரையும் பாக்கல. அந்த அட்டைய அழிக்கிற தைரியம் எவனுக்கும் வரல. பன்னெண்டாவது ஜெயிப்பும் ராய்ஸு பேர்லயே நின்னுருச்சு.

அதுக்கப்புறம் டெல்பர்ட் எந்த இஞ்சினையும் தன் கையால கிளப்பல. கார் சாவிய அவன் பொண்டாட்டி லோரீன்தான் போடணும். தெருமுனை வரைக்கும் அவ ஓட்டுவா, அங்க எடம் மாறுவாங்க. புல்லு வெட்டுற மெஷினக் கூட அவதான் இழுத்து விடணும். "சாவி போடத்தான் என்னயக் கட்டுனியா"ம்பா. ஊரே சிரிச்சுச்சு. இருவத்தஞ்சு வருஷம்.

நான் இங்க வந்த மூணாவது வருஷம், ரேஸ் மைதானத்துக்கு அம்பது வயசுன்னு வாசல்ல ஒரு பித்தளைப் பலகை வச்சாங்க. ஜெயிச்சவங்க பேரெல்லாம் வெட்டியிருந்துச்சு. ராய்ஸ் காடில், பன்னெண்டு தடவ. டெல்பர்ட் பேரு தேடிப் பாத்தாலும் இல்ல.

அன்னிக்கி ராத்திரிதான் குடிச்சிட்டு டென்னிகிட்ட எல்லாத்தையும் கொட்டியிருக்கான். ஓடை, கயிறு, கண்ணாடி, எல்லாம். டென்னி கேட்டிருக்கான், "மாமா... அந்த ஆளு செத்ததுக்கு நீ வருத்தப்படவே இல்லயா?"

மாமன் என்ன சொன்னான் தெரியுமா? "செத்தது சரிடா. அந்தப் பன்னெண்டாவது என்னுது."

இருவத்தஞ்சு வருஷம் ஆகியும் அதான். எனக்குப் பேய விட இதுதான்பா பயமா இருந்துச்சு.

அடுத்து வந்த புதன்கிழமை. லோரீன் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தா. டெல்பர்ட் டென்னிக்கு போன் போட்டான். "உளியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டேன். அந்தப் பலகைல ஒரு பேர வெட்டிட்டு வரேன்."

"மாமா, இரு. நான் வந்து வண்டிய எடுக்கிறேன்."

"ஒரு மயிரும் வேணாம். இன்னிக்கி நான்தான் கிளப்புவேன்."

போன்லயே சாவி திரும்புற சத்தம் கேட்டுச்சாம். இஞ்சின் ஒரே தடவைல புடிச்சிருச்சு. சாயங்காலம் மணி ஆறு.

அப்புறம் ஆளையே காணோம்.

கால்வின் ஓடை வளைவுல வண்டி நின்னுச்சு. ஓடைக்குள்ள விழல. தண்ணிக்குப் பத்தடி இந்தப் பக்கம், ஒரு கீறல் இல்லாம, ஒழுங்கா நின்னுச்சு. இஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு. டெல்பர்ட் உள்ள செத்துக் கெடந்தான். காயம் ஒண்ணும் கெடையாது.

டென்னிதான் மொதல்ல போய்ப் பாத்தவன். மாமன் ஸ்டீரிங் பக்கம் இல்ல... பக்கத்து சீட்ல இருந்தான். பெல்ட்டு போட்டிருந்துச்சு. உளியும் சுத்தியலும் மடில. டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் பின்னால தள்ளியிருந்துச்சு, ஆறடி ஆளு உக்கார்ற மாதிரி. பஞ்சு தொப்பலா நனஞ்சிருந்துச்சு. உள்ள பூரா அந்தத் தைல வாடை. கூரை மேல, தூசியில... ஈர உள்ளங்கை. மூணு.

போலீஸ் எழுதுன தாளு டென்னி வீட்ல இருக்கு. நானே பாத்தேன். சாவுக்குக் காரணம், மாரடைப்பு. வண்டி ஓட்டியவர்ங்கிற எடத்துல, 'வேறு நபர், தெரியவில்லை.'

டெல்பர்ட் ஸ்டார்ன்ஸ் பேரு அதுக்குக் கீழ இருந்துச்சு. 'உடன் வந்தவர்.'