மொட்டை மாடியில் முதல் ராங்க்

தி.நகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு அம்மாக்கள்.

"எதுத்தாத்துப் பையன் நடந்துண்டே படிச்சு ஃபர்ஸ்ட் ராங்க் வாங்கறான்டி. வயிறு எரியறது. எங்காத்துப் பையனையும் மொட்டை மாடியில நடக்க விட்டேன்."

"மார்க் ஏறித்தா?"

"கால் வலிக்கறதாம்."

"நடக்கறது அவன் படிக்கற விதம்டி. ராங்க் வாங்கறது அவன் மூளை. உக்காந்து படிச்சாலும் அவன்தான் ஃபர்ஸ்ட். உன் பையன் எழுதிப் பார்த்துப் படிக்கறவன், அவனை விட்டுடு."

முதலாமவள் தலையாட்டினாள்.

"விட்டுடறேன். அந்தப் பையன் வலமா சுத்தறானா, இடமா சுத்தறானான்னு மட்டும் பார்த்துடறேன்."

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் நடந்துகொண்டே படிப்பதைப் பார்த்துவிட்டு, அன்று காலைதான் நானும் என் மகளைப் புத்தகத்தோடு மாடிக்கு விரட்டியிருந்தேன். எந்தப் பக்கமாகச் சுற்றச் சொன்னேன் என்று ஞாபகம் வராமல், பாண்டி பஜார் வரை எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது.