சகலை நம்பாத சிவப்பு

எனக்குக் கார் ஓட்டுவதென்றால் பயம், சார். முன்னால் ஒரு காகிதம் பறந்தாலும் கால் பிரேக்குக்குப் போய்விடும். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

என் மனைவியின் தங்கை கணவருக்கு, அதாவது என் சகலைக்கு, இது பெரிய வேடிக்கை. இருவருக்கும் ஒரே விளக்குத் தொழிற்சாலையில் வேலை. காலையில் என் கார் முன்னால், அவர் பைக் பின்னால். ஒட்டிக்கொண்டே வருவார்.

"சகலையோட பிரேக் லைட் கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி. அதைப் பார்த்து எவனாவது நிறுத்துவானா?" என்றார், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் சிரித்ததையாவது நான் பொறுத்துக்கொண்டேன்.

என் வேலை சோதனை அறையில். ஆட்களை இருட்டில் உட்காரவைத்து, சிவப்பு விளக்கை எரியவிட்டு, அவர்கள் கால் பிரேக்கை மிதிக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பேன். பின் கண்ணாடியில் மாட்டும் மூன்றாவது விளக்கு ஆளை உலுக்கிவிடும். பழைய குண்டு பல்பு சோம்பேறி, எல்.இ.டி. எரிந்த பிறகுதான் விழிக்கும். கண் இமைக்கும் நேர வித்தியாசம்தான். ஆனால் சும்மா சும்மா எரியும் விளக்குக்கு எந்தக் காலும் அசைவதில்லை.

அந்த வாரமே மூன்றாவது விளக்கின் ஒயரைக் கழற்றினேன். மற்ற இரண்டிலும் பழைய பல்பு போட்டேன். பிறகு தினமும், வேகம் குறையாதபடி, பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே போனேன். கண்ணாடியில் பார்ப்பேன். முதலில் அவர் கொஞ்சம் பின்வாங்கினார். போகப் போக அதுவும் இல்லை.

மழை பிடித்த ஒரு காலையில், பாலத்து இறக்கத்தில் முழுதாக மிதித்தேன்.

நாய் குறுக்கே வந்தது என்று அன்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். விளக்கு எரிந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இடைவெளி விடாமல் வந்தவர் மேல்தான் தப்பு என்று முடிந்தது.

சகலையின் காரியம் எல்லாம் முடிந்த பிறகு கொழுந்தியாள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை.

"அத்தான், அந்த நாய் என்ன கலரு?"

"செவலைம்மா."

"அக்காகிட்ட கறுப்புன்னு சொன்னீங்களாமே."

அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது.

அன்றிலிருந்து என் மனைவி பேசுவதில்லை. வீட்டில் நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வருகிறாள். நான் நின்றால் நிற்கிறாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதனால்தான் நானாக வந்தேன்.

மனசாட்சி என்றெல்லாம் எழுதிக்கொள்ளாதீர்கள், சார். நாய் எதுவும் வரவில்லை. பயந்து மிதிப்பது என் பழக்கம்தான். அந்த ஒரு தடவை மட்டும் எனக்குப் பயமே இல்லை.