உப்புத் தண்ணீருக்குப் போகாத டிராக்டர்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் டயரைப் பார்ப்பார்கள். அது தப்பு, ஐயா. டயரை எவன் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். எஞ்சின் ஆயில் கம்பியை உருவி, விரலில் தொட்டு, மோந்து பார்க்க வேண்டும். கருகின வாடை அடித்தால் பேசாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எழுபத்தாறில் தாப்பாவில் நான் அந்த வண்டியைப் பார்த்தபோது ஆயில் சுத்தமாக இருந்தது. டயர் நான்கும் மொட்டை. என் தங்கை புருஷன் சின்னையா டயரைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அவன் பார்வை அவ்வளவுதான்.

நீங்கள் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன். அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பத்துமலை. ஜெலாப்பாங்குக்கு அந்தப் பக்கம் நாங்கள் பால் வெட்டின ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, வாங்கினவர்கள் பால் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, வீடு கட்டுகிறோம் என்று சொல்லி நிலத்தைச் சும்மா போட்டுவிட்டார்கள். வெயில் பட்டதும் புல் ஆள் உயரத்துக்கு எழும்பியது. ஈப்போவைச் சுற்றி மாடு வைத்திருந்த நம் ஆட்கள் எல்லாருக்கும் புல் வேண்டும். நானும் சின்னையாவும் அரிவாளால் அறுத்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தோம். மழைக்காலத்தில் ஈரப்புல்லைத் தின்று மாட்டுக்கு வயிறு ஊதும். அப்போது காய்ந்த புல் வைத்திருப்பவனைத் தேடி வருவார்கள். அதற்கு நிறைய அறுக்க வேண்டும், சீக்கிரம் காயவைக்க வேண்டும், மழை வருமுன் அள்ள வேண்டும். கையால் ஆகிற காரியமில்லை. என் இரண்டு பசுக்களும் என் தங்கை நவமணியின் சங்கிலியும் டிராக்டராக மாறின. குடும்பஸ்தன் பெயரில் இருக்கட்டும் என்று சின்னையா பெயரில் பதிந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

விற்றவர் ஜைனுலாப்தீன் பாய். நேர்மையான மனிதர். குறையை மறைக்கவில்லை.

"தம்பி, சாவி சுவிட்ச் செத்துப்போச்சு. ஸ்க்ரூடிரைவரால ஸ்டார்ட்டர்ல ரெண்டு முனையையும் தொட்டா புடிச்சிக்கும். ஹேண்ட்பிரேக்கும் நிக்காதுலா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க, கியர்ல இருக்கும்போது தொட்ராத. அதத் தொடறதுக்குப் பெரிய சக்கரத்துக்கு முன்னாலதான் ஆளு நிக்க வேண்டியிருக்கும். பாய்ஞ்சிச்சின்னா மேல ஏறிப் போயிரும்."

சுவிட்சை மாற்றியிருக்கலாம்தான். பழகிவிட்டது.

மூன்று வருஷம் நன்றாக ஓடியது. பனி காய்ந்ததும் ஒன்பது மணிக்கு அறுப்பேன். மத்தியானம் நவமணியும் சின்னையாவும் புரட்டிப் போடுவார்கள். நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்து அள்ளுவோம். வண்டியை ஓட்டுவது, கழுவுவது, கிரீஸ் அடிப்பது எல்லாம் நான்தான். சின்னையா நல்லவன். ஆனால் அவன் கைக்குப் பொருளின் அருமை தெரியாது. வேலை முடிந்ததும் புகைக்குழாய்மேல் ஒரு பால் டின்னைக் கவிழ்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். எனக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் அவன் அதை மறந்துவிட்டுக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தான். நான் போர்வையோடு மழையில் நடந்து போய்க் கவிழ்த்துவிட்டு வந்தேன். அவனிடம் கோபப்படவில்லை. தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதில் மழை விடவே இல்லை. அறுத்துப் போட்ட புல் அப்படியே கறுத்து அழுகியது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னையா பேச்சை எடுத்தான்.

"மச்சான், ரொம்ப சுசாலா, கஷ்டமா இருக்கு. இதுல இனிமே ஒண்ணும் நடக்காது. ஜெலாப்பாங்ல ஃபேக்டரிக்கு ஆள் எடுக்குறான். எனக்கு, நவமணிக்கு ரெண்டு பேருக்குமே வேலை இருக்கு. நீயும் வா, ஒண்ணா போலாம்."

"வண்டி?"

"லூமுட்ல ஒருத்தன் கேக்குறான். படகு இழுக்க."

நான் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். லூமுட்டில் படகு இழுப்பது எப்படி என்று நீங்கள் பார்த்திருக்கலாம், ஐயா. டிராக்டரைப் பின்பக்கமாகக் கடலுக்குள் இறக்குவார்கள். அச்சு வரைக்கும் உப்புத் தண்ணீர். ஒரு வருஷம் தாங்காது. பேரிங், போல்ட், தகரம் எல்லாம் பொருக்கு விட்டு உதிரும். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள், வெட்கமில்லை.

நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை, வேறு ஆளுக்குக் கொடு என்றேன். வேறு ஆள் இல்லை என்றான். இரண்டாம் தடவை, நீங்கள் போங்கள், வண்டியை என்னிடம் விட்டுவிடு என்றேன். "ஒத்த ஆளா என்ன செய்வே? பைத்தியம் புடிச்சிருக்கா மச்சான்?" என்று சிரித்தான். மூன்றாம் தடவை கேட்டபோது, லூமுட்காரன் ஆயுத பூசைக்கு மறுநாள் வருகிறான் என்றான். "பூசையப் போட்டே அனுப்பிருவோம்லா, போற எடத்துல நல்லா இருக்கட்டும்." இதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. வாய்ப்புக் கொடுக்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

ஆயுத பூசை அன்று காலையில் வண்டியைத் தேய்த்துக் கழுவினேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தேன். பழம் வைத்த சக்கரத்துக்கு நாங்கள் கட்டை முட்டுக் கொடுப்பதில்லை; போகிற வண்டியை மறித்த மாதிரி ஆகிவிடும். வாசல் சமதரைதான், நியூட்ரலில் விட்டாலும் தானாக ஓடிவிடாது. இருந்தாலும் பிரேக் நிற்காத வண்டியை அன்றைக்கு மட்டும் முதல் கியரில் போட்டுத்தான் நிறுத்துவோம். எஞ்சினைக் கிளப்பி, அது ஓடிக்கொண்டிருக்கும்போது சூடம் காட்டி, பிறகு பழத்தின்மேல் ஏற்றுவோம். மற்ற வருஷங்களில் நான் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, கியரை எடுத்துவிடுவேன். சின்னையா கீழே நின்று ஸ்க்ரூடிரைவர் வைப்பான்.

அந்த வருஷம், இடுப்புப் பிடித்திருக்கிறது, ஏற முடியாது என்றேன். பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

சின்னையாவிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் வைப்பதற்கு முன்னால், எத்தனை அவசரமானாலும், எட்டி கியர் கம்பை ஒருதரம் ஆட்டிப் பார்ப்பான். அதனால் பெரிய செவ்வந்தி மாலையை வண்டியின் மூஞ்சிக்குப் போடாமல், கியர் கம்பிலும் ஸ்டியரிங்கிலும் சுற்றி, நடுவில் வெற்றிலை பாக்கையும் வைத்தேன். சூடம் காட்டுமுன் சாமிக்குச் சாத்தினதைத் தொட்டு அசைக்க மாட்டான். சாமி விஷயத்தில் பயந்தவன். கையைக் கொண்டுபோனான், மாலையைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"நியூட்ரல்ல இருக்கா மச்சான்?"

"இருக்கு மாப்ளே," என்றேன்.

நவமணி சூடத் தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "புகை அடிக்கும், தள்ளி நில்லு," என்று அவளை வேலிப் பக்கம் அனுப்பினேன். கூடப்பிறந்தவள் அல்லவா.

மிச்சம் உங்கள் பழைய ஃபைலிலேயே இருக்கும். வண்டி அவன்மேல் ஏறி, பத்து முழம் போய், வெட்டிப் போட்ட பால் மரத்தின் அடிக்கட்டையில் முட்டி நின்று, மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி உறுமவிட்டால் கிளட்ச் கருகிவிடும். ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன். கியரை எடுத்தேன். பிறகுதான் சின்னையாவிடம் வந்தேன். அதற்குள் மூச்சு நின்றிருந்தது. பக்கத்து லயத்து வீடுகளின் ஆட்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். வந்த போலீஸ்காரர், கியரைப் பார்க்காமல் கிளப்பிவிட்டான் என்று எழுதிக்கொண்டு போனார். நானே காரியம் எல்லாம் செய்தேன், ஒரு குறையும் வைக்கவில்லை. நான்கு எலுமிச்சம்பழமும் சுத்தமாக நசுங்கியிருந்தன.

மறுநாள் லூமுட்காரன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும், இந்த வண்டி வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நானும் நவமணியும் அதே புல்லை அறுத்தோம். அவளுக்குச் சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. அவள்தான் என்னோடு அதிகம் பேசுவதில்லை. முப்பதாம் நாள் படைத்து முடித்த பிறகு ஒரே ஒரு தடவை கேட்டாள். "அண்ணே, அவரு அங்க கெடக்கும்போது நீ ஏன் மொதல்ல வண்டிகிட்ட ஓடுனே?" கிளட்ச் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு அந்த வண்டியை அவள் தொட்டதே இல்லை. புல்லைத் தலையில் சுமந்து வருவாள். பெண்பிள்ளை மனசு, துக்கம் ஆற நாளாகும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அவள் ஜெலாப்பாங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வாடகைக்கு அறையும் எடுத்துவிட்டாள். நேற்று பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த வண்டி இப்ப என் பேர்லதான இருக்கு. பழைய இரும்புக் கடைக்காரன வரச் சொல்லிட்டேன். நாளைக்கிப் பத்து மணிக்கு வந்து வெட்டி எடுத்துக்குவான்."

"நல்லா ஓடுற வண்டிய ஏம்மா வெட்டணும்?"

"என் புருஷன தின்ன வண்டிண்ணே. அது முழுசா இருக்கக்கூடாது."

காலில் விழுந்தும் பார்த்தேன். தங்கை காலில் அண்ணன் விழுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவள் குனிந்து என்னைத் தூக்கவும் இல்லை, மனம் இரங்கவும் இல்லை.

விடிந்ததும் முதல் பஸ் பிடித்து இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். நீங்கள் கேட்டீர்கள், ஏழு வருஷம் வாய் திறக்காதவன் இன்றைக்கு ஏன் வந்தாய் என்று. மனசாட்சிதான், ஐயா. வேறென்ன. சின்னையாவைக் கொன்றது நான். கியரில் போட்டதும் நான், மாலை கட்டியதும் நான், பொய் சொன்னதும் நான். யாரும் அடிக்காமல், மிரட்டாமல், சுயநினைவோடு சொல்கிறேன்.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் மணி ஒன்பதே கால் ஆகிறது, ஐயா. கொலைக்குப் பயன்பட்ட பொருளை வழக்கு முடியும்வரை யாரும் விற்கவோ வெட்டவோ முடியாதுதானே? அப்படியானால் முதலில் ஒரு ஆளை அங்கே அனுப்பிவிடுங்கள், இரும்புக்கடைக்காரன் காஸ் சிலிண்டரோடு கிளம்பியிருப்பான். எனக்குத் தூக்கு என்றாலும் சரிதான். வண்டியை மட்டும் கூரைக்கு அடியில் நிறுத்தச் சொல்லுங்கள்.