அவள் மடித்த பாராசூட்

— அந்தக் காலைத் தூக்கி ஸ்டூல் மேல வைங்க. மாவுக்கட்டோட வந்து துணியில இடிக்காதீங்க. விரிச்சு வச்சிருக்கேன்ல?

— வச்சுட்டேன் தாயே. பாராசூட் மடிக்கிறப்போ புருஷன்கூட உனக்கு எதிரிதான்.

— நாளைக்கு விழாவுக்கு வரலைன்னு சொல்லியாச்சு. மறுபடி அதைக் கேக்கத்தானே நொண்டிக்கிட்டு வந்தீங்க?

— கேளேன். சண்டையே இல்லாத காலத்துல, ஒரு உயிரைக் காப்பாத்தினதுக்குன்னு சிப்பாய்க்குப் பதக்கம் கிடைக்கிறது லேசா? பொண்டாட்டி வரலைன்னா என்னடி நினைப்பாங்க?

— உள்ளதைத்தான் நினைப்பாங்க. ‘இவ மடிச்சது விரியல, அதனால அவரு வீரர் ஆனாரு’ன்னு.

— விசாரணையிலயே சொல்லிட்டாங்களே! என்கிட்ட பயிற்சிக்கு வந்த பையன், விமானக் கதவுல கால் இடறித் தலைகுப்புற உருண்டான். கயிறு கால்ல சுத்திக்கிச்சு. உன் மடிப்புல ஒரு குத்தமும் இல்ல.

— அது விசாரணையில. பயிற்சிக்கு வர்ற பசங்க கண்ணுல சந்தேகம் அப்படியேதானே இருக்கு! குதிக்கப் போறவன் எல்லாம் அலமாரிக்கு வந்து, யார் மடிச்சதுன்னு பேர்ச் சீட்டைத் திருப்பிப் பாக்கிறான். நான்னா, பூனை மாதிரி அடுத்ததை எடுத்துட்டு நழுவுறான். என்னோடது பூரா அங்க பாருங்க, விலை போகாத தலகாணி மாதிரி கிடக்கு.

— சின்னப் பசங்கடி. பயம்.

— எனக்கு இந்த வேலையைத் தவிர என்ன தெரியும்? சரி விடுங்க. அன்னிக்கு மேல என்னதான் நடந்துச்சு? ஊருக்கெல்லாம் சொன்னீங்க, எனக்குச் சொல்லல.

— எப்படிச் சொல்றது... கேளேன். அவனை எட்டிப் பிடிக்கத் தலைகீழாப் பாயுறேன். காத்து காதைப் பிய்க்குது. அவனைக் கட்டிப் பிடிச்சு, என் பாராசூட் கயிறை இழுத்தேன் பாரு... பட்டுனு எல்லாம் அடங்கிடுச்சு. தூக்கத்துல நடக்கிற மாதிரி. கீழ ஆறு ஒரு நூலாட்டம் கிடக்கு. ஒரு மேகம் எங்களுக்கு ஊடால புகுந்து போச்சு. அவன் மூஞ்சி தெரியல, மூச்சு மட்டும் கேக்குது. ‘சார், நாம செத்துட்டோமா?’ங்கிறான். ‘இல்லடா, செத்தா இவ்வளவு குளிராது’ன்னேன்.

— சிரிக்க வைக்காதீங்க. மடிப்பு கோணிடும்.

— மேல பாத்தேன். வெயில் துணிக்குள்ள இறங்கி, ஒவ்வொரு தையலும் மின்னுது. ரெண்டு ஆள் பாரத்தைத் தூக்கிக்கிட்டு, ஒரு முனகல் இல்ல. தரையில மோதி இந்தக் காலை உடைச்சுக்காம, அப்படியே மிதந்துக்கிட்டு இருந்துடலாம்னு தோணிச்சு. அதை மடிச்சது யாரு?

— நான்தான். உங்களோடதை வேற யார் கையில குடுத்திருக்கேன்?

— அதைத்தான் நாளைக்கு மைக்ல சொல்லப் போறேன்.

— பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குறாருன்னு கைதட்டிச் சிரிப்பாங்க. சிரிச்சுட்டு மறுபடி அடுத்ததைத்தான் எடுப்பாங்க.

— பின்ன என்னதான் பண்ணச் சொல்ற?

— பாராசூட் மடிக்கிற நம்ம கொட்டகையில ஒரு வழக்கம் இருந்துச்சே. எவனாவது சந்தேகப்பட்டா, மடிச்சவங்களே அதை மாட்டிக்கிட்டுக் குதிச்சுக் காட்டணும்.

— அதெல்லாம் அந்தக் காலம். நீ குதிச்சதே கல்யாணத்துக்கு முன்னாடி. கதவுல என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னியே, பட்டன் ரெண்டு போச்சு.

— பட்டனைத் தைக்க வந்தவளைத்தானே கட்டிக்கிட்டீங்க? நகருங்க, உறையைப் பூட்டணும்.

— இரு. உன்னோடதை யாரும் எடுக்கிறதில்லன்னியே, அப்ப இது யாருக்கு?

— மேஜர்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாரு. நாளைக்குப் பதக்கம் குத்துறப்போ, குனிஞ்சு அதையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. தலையைத் தூக்கிப் பாருங்க. இதை மாட்டிக்கிட்டு இறங்கி வரப்போறது நான்.